பால் கணக்குக் கட்டத்தில் ஒரு புள்ளி



கேழ்வரகுப் பலகாரக் குறிப்புகள் கேட்டிருந்தோம் இல்லையா, வந்து குவிந்த கடிதங்களுக்கு நடுவே சமையலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று இருந்தது. பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பெயர் போடவில்லை. "மாசத்துல ஒரு வாரம் எனக்கே என்னைப் பிடிக்கல. ஒண்ணுமில்லாததுக்குப் புள்ளைங்கள அடிச்சிடறேன், அப்புறம் உக்காந்து அழறேன். மார் வலிக்குது, வயிறு உப்பிக்குது, ராத்திரி தூக்கம் வரதில்ல. வீட்டுக்குத் தூரம் ஆன மறுநாள் எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடுது. மாமியார் காத்து கருப்பு அண்டியிருக்கும்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனாங்க. மாத்திரை மருந்து இல்லாம இதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதாங்க?"

அவருக்குத் தனியாகப் பதில் போட்டாயிற்று. ஆனாலும் இந்தக் கேள்வியை ஒரு அஞ்சலட்டையில் முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. இதே சங்கதியை வேறு வேறு வார்த்தையில் நம் வாசகிகள் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் 'சரியான கோபக்காரி' என்று தங்களுக்குத் தாங்களே பட்டம் கட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாத ஆசிரியர் பக்கம் இதற்கே.

அவர் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான்: தூரமான மறுநாள் சரியாகிவிடுகிறது. மருத்துவரும் இதைத்தான் முதலில் கேட்பார். மாதவிடாய்க்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் தொடங்கி, வந்த சில நாளுக்குள் விலகிவிடும் தொல்லைகளைத்தான் மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகள் என்கிறோம். எரிச்சல், அழுகை, அசதி, மார்பு வலி, வயிற்று உப்பசம், தலைவலி, இனிப்பு மேல் ஆசை என்று பட்டியல் நீளும். அந்த மூன்று நாள் அடிவயிற்று வலி வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வலிக்குச் சொன்ன கைவைத்தியத்தை மனசுக்குக் குடித்துவிட்டு, 'ஒண்ணும் கேட்கலையே' என்கிறோம்.

மருத்துவ உலகம் இதற்குப் பெயர் வைத்தே நூறு வருஷம் ஆகவில்லை. 1931இல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபிராங்க் என்ற மருத்துவர் முதன்முதலாக இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடுமையாக அவதிப்பட்டவர்களுக்கு அவர் பார்த்த வைத்தியத்தைக் கேட்டால் பகீரென்று இருக்கும்: சூலகத்தின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்! அடுத்து 1953இல் லண்டனில் கதரீனா டால்டனும் ரேமண்ட் கிரீனும் இப்போது உலகம் முழுக்க வழங்கும் பெயரை வைத்தார்கள். உடம்பே சுரக்கிற புரொஜெஸ்டிரான் ஹார்மோனைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று டால்டன் வாழ்நாள் முழுக்க நம்பினார். பின்னால் முறையாகச் சோதித்தபோது அதற்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்று வேலை செய்துவிடாது என்பதற்காகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். கீழே இது மறுபடி தேவைப்படும்.

"எங்க நாத்தனாருக்கும் மாசாமாசம் வருதுதானே, அவ ஆடறாளா?" இந்தப் பேச்சை வாங்காத மருமகள் குறைவு. இதற்குப் பதில் 1998இல் கிடைத்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஒரு சோதனை செய்தார்கள். இந்தத் தொல்லை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரு தரப்புப் பெண்களுக்கும் சூலகச் சுரப்பை மருந்தால் நிறுத்திவிட்டு, பிறகு ஒரே அளவு ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தார்கள். தொல்லை உள்ளவர்களுக்கு அழுகையும் எரிச்சலும் திரும்பி வந்தன. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, ஹார்மோன் கூடிப்போனதோ குறைந்துபோனதோ காரணம் இல்லை. ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதை மூளை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஒரே மிளகாய் ஒருத்தருக்கு உறைக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு உறைக்கவில்லை. உறைக்கிறவரைப் பார்த்து நடிக்கிறாய் என்று சொல்வோமா?

சரி, வழிக்கு வருவோம். முதல் வழிக்குப் பத்துப் பைசா செலவு கிடையாது.

நம் வீட்டு அடுக்களைச் சுவரில் நகைக்கடையோ மளிகைக்கடையோ கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். அதன் கட்டங்களில் பால் கணக்கு எழுதியிருப்போம்: அரை, அரை, ஒன்று, பால்காரர் வராத நாளுக்கு ஒரு கோடு. அதே கட்டத்தின் மூலையில் உங்களுக்கு மட்டும் புரிகிற ஒரு குறி போடுங்கள். கோபம் வந்த நாளுக்கு 'கோ', அழுகைக்கு 'அ', தூக்கம் கெட்டால் 'தூ', மார்போ வயிறோ கனத்தால் ஒரு புள்ளி. தூரமான நாளைச் சுற்றி ஒரு வட்டம். அன்றன்றைக்கு ராத்திரி போட வேண்டும். மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து போட்டால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். இப்படி இரண்டு மாதம். மகப்பேறு மருத்துவர்கள் அச்சடித்த தாளில் கேட்கிற குறிப்பும் இதேதான். அதுவும் இரண்டு மாதத்துக்குத்தான் கேட்பார்கள்.

இரண்டு மாதத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறிகள் வட்டத்துக்கு முந்தின கட்டங்களில் கூட்டமாக வந்து, வட்டத்துக்குப் பிறகு காலியாக இருந்தால், உங்களுக்கு இருப்பது நாம் பேசும் தொல்லைதான். மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் விஷயம் வேறு. ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமான ஊர்கள் தருமபுரியில் நிறைய. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள். ஃபுளோரைடு அதிகமான தண்ணீரைப் பல வருஷம் குடித்தவர்களுக்கு இடுப்பும் முட்டியும் வலிக்கும். அந்த வலிக்கு நாள் கிழமை கிடையாது. தூரமானாலும் போகாத இடுப்பு வலியை மாதவிடாய்க் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

காலண்டரால் இன்னொரு லாபமும் உண்டு. 'இன்னும் நாலு நாள்தான்' என்று தெரிந்தாலே பாதிப் பாரம் இறங்குகிறது. மாவு அரைப்பது, மகன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போடுவது, சீட்டுப் பணம் கேட்கப் போவது, எல்லாவற்றையும் அந்த வாரத்தைத் தாண்டித் தள்ளி வைக்கலாம். தள்ளிவைக்க முடியாதவை இருக்கும், தெரியும். தள்ளக்கூடியதையாவது தள்ளலாமே.

இனி சாப்பாடு. இங்கேதான் தருமபுரிக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தொல்லைக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற இயற்கை வழிகளில் சோதனைக்கு ஈடுகொடுத்து நின்றவை கொஞ்சம்தான். அவற்றில் முன்வரிசையில் இருப்பது கால்சியம். 1998இல் அமெரிக்காவில் பன்னிரண்டு இடங்களில் 466 பெண்களை இரண்டு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம், இன்னொரு கூறுக்குச் சத்தில்லாத மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது மாதத்தில் கால்சியம் சாப்பிட்டவர்களுக்குத் தொல்லை 48% குறைந்திருந்தது; வெறும் மாத்திரைக்காரர்களுக்கு 30%. இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள், நாமும் ஏதோ செய்கிறோம் என்ற தெம்பிலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது! பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கஷாயம் 'கேட்டுச்சு' என்று நாம் சத்தியம் பண்ணுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தச் சோதனையில் கொடுத்தது மாத்திரை, கேழ்வரகுக் களி அல்ல. அதனால் களி தின்றால் கோபம் போகும் என்று இந்தப் பக்கத்தில் எழுத மாட்டேன். ஆனால் 2005இல் இன்னொரு ஆய்வு வந்தது. அமெரிக்கச் செவிலியர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்ததில், கால்சியமும் வைட்டமின் டியும் சாப்பாட்டிலேயே கூடுதலாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதே குறைவாக இருந்தது. அப்படியென்றால் நம் அடுக்களையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நியாயம்தான்.

நூறு கிராம் வெள்ளை அரிசியில் கால்சியம் 10 மில்லிகிராம் தேறினால் அதிகம். நூறு கிராம் கேழ்வரகில் 350ஐ ஒட்டி. தானியங்களில் இதற்கு மேல் கிடையாது. ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. அதற்கு முன் 600 போதும் என்றிருந்தது. கணக்குப் போட்டால், ஒரு நல்ல உருண்டைக் களியிலேயே மூன்றில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. கூடவே முருங்கைக்கீரை என்றால் நூறு கிராமில் 300க்கு மேல், அகத்திக்கீரையில் 900க்கு மேல், எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். எள்ளின் தோலில் ஆக்சலேட் இருப்பதால் அத்தனையும் உடம்பில் ஒட்டாது. தோல் நீக்கி வறுத்து அரைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. எள்ளுருண்டை ஒன்று இரண்டு போதும். மோர் எப்படியும் இருக்கிறது.

பென்னாகரம் பக்கத்துப் பாட்டிகளுக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. மத்தியானம் களி, கொள்ளுச் சாறோ கீரைக் கடைசலோ, ராத்திரி மீந்த களியை மோரில் கரைத்துக் குடித்தார்கள். ரேஷன் அரிசி வந்த பிறகு களி மெல்ல மெல்ல 'கிழவிங்க சாப்பாடு' ஆகிப்போனது. சோறு கௌரவம், களி ஏழ்மை என்று நாமே நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். 2023 மே மாதம் நீலகிரியிலும் நம் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வயலில் விளைவதை வண்டியேற்றி வெளியே அனுப்பிவிட்டு, ரேஷனில் திரும்ப வாங்குகிறோம். போகட்டும், வந்ததே போதும். ஆனால் அந்த இரண்டு கிலோ எத்தனை வீட்டில் மாட்டுத் தவிட்டோடு சேர்கிறதோ என்ற கவலையும் எனக்கு உண்டு.

சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள் களி கட்டிகட்டியாகிறது என்று எழுதுகிறார்கள். அவர்களுக்காக: கைப்பிடி நொய்யை முதலில் குழைய வேகவிடுங்கள். கேழ்வரகு மாவை அதன் மேல் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடிவைத்து, மாவின் நடுவில் துடுப்புக் காம்பால் ஒரு குழி போடுங்கள். கொதி அந்தக் குழி வழியாக மேலே வந்து மாவு முழுக்க நனையும் வரை தொடக்கூடாது. இந்தப் பொறுமை இல்லாமல்தான் கட்டி தட்டுகிறது. பிறகு அடுப்பைத் தணித்து, பானையைக் காலால் அண்டக் கொடுத்து அந்தக் காலத்தில் கிண்டுவார்கள். நீங்கள் கேஸ் அடுப்பில் செய்பவர் என்றால் சட்டியை இறக்கித் தரையில் வைத்துக் கிண்டுங்கள். மாவு சட்டியின் ஓரத்தை விட்டு வரும், கையை நனைத்துத் தொட்டால் ஒட்டாது. உருட்டும்போது உள்ளங்கையில் தண்ணீரோ நெய்யோ. முளைகட்டிய கேழ்வரகு மாவாக இருந்தால் இன்னும் விசேஷம்: முளைவிடும்போது சத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைந்து, கால்சியமும் இரும்பும் உடம்பில் கூடுதலாகச் சேரும். ராத்திரி ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி இரண்டு ராத்திரி வைத்து, நிழலில் உலர்த்தி மெஷினில் கொடுங்கள். கூழைப் புளிக்கவைத்துக் குடிப்பதிலும் இதே லாபம் உண்டு.

இரும்பு என்றதும் இன்னொரு விஷயம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையின் அசதியும் எரிச்சலும் மாதவிடாய்க்கு முந்தின வாரத்தோடு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கீரையோடு, கேழ்வரகோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஒட்டும். அதியமான் ஔவைக்கு நெல்லி கொடுத்த தகடூரில் இருந்துகொண்டு நெல்லியை ஊறுகாயாக மட்டும் பார்ப்பது அநியாயம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கச் சொல்லாதீர்கள். கால்சியம் இரும்பை ஒட்டவிடாமல் தடுக்கும். டீ, காபியால் இந்தத் தொல்லை கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மேலே சொன்ன செவிலியர் ஆய்வில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. தூக்கம் வராதவர்கள் மட்டும் சாயங்காலத்துக்குப் பிறகு விட்டுப் பார்க்கலாம். வயிறு உப்புகிறவர்கள் அந்த வாரம் ஊறுகாய், அப்பளம், கடைச் சிப்ஸைக் குறைத்தால் நல்லது.

அடுத்தது உடற்பயிற்சி. 'தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள்' என்று எல்லாப் பத்திரிகையும் எழுதும். நாமும் எழுதியிருக்கிறோம். நடை உண்மையிலேயே உதவுகிறது. சோர்வும் மனசின் பாரமும் குறைகின்றன. ஆனால் காலை ஆறு மணிக்குத் தக்காளி பறிக்கக் குனிந்து மத்தியானம் நிமிர்கிற பெண்ணிடம் போய் 'நடங்கள்' என்றால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது அரைமணி நேரம் கால் நீட்டிப் படுக்கிற நிழல். நடை யாருக்கு என்றால், விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ போய், ஷிப்டு முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இருட்டிய பிறகு திரும்புகிற நம் வீட்டுப் பெண்களுக்கு. வெயில் அவர்கள் தோலில் படுவதே இல்லை. வைட்டமின் டிக்கு வெயில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது அவர்களைத் துணி துவைக்க விடாமல் வெளியே அனுப்புங்கள்.

கம்பெனி என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயரும் காலாவதி தேதியும் இல்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்புவதாக அந்தப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். கொடுப்பவர் மருத்துவர் கிடையாது. உறை இல்லாமல் உள்ளங்கையில் வைத்துத் தரும் எந்த மாத்திரையையும் வாங்காதீர்கள். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

நாட்டு மருந்துக் கடைக்கு வருவோம். சுக்கு, ஓமம், பெருங்காயம், சதகுப்பை எல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று நாள் வலிக்கானவை. வலிக்குச் சுக்கு உதவுவதாகப் பல ஆய்வுகளும் சொல்கின்றன; வெந்நீர்ப் பை ஒத்தடமும் அப்படியே. முந்தின வாரத்து மனநிலைக்கு இவற்றிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மேல்நாட்டில் இதற்கென்றே விற்கிற ஒரு மூலிகை உண்டு. நம் வேலியோரத்து நொச்சிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி. அதன் பழச்சாற்றில் செய்த மாத்திரை ஜெர்மனியில் 2001இல் 170 பெண்களிடம் சோதிக்கப்பட்டு நல்ல பலன் தெரிந்தது. உடனே நொச்சி இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள்! குடும்பம் ஒன்று, செடி வேறு. நம் நொச்சி ஆவி பிடிக்கவும் கொசு விரட்டவும் இருக்கட்டும். அந்த மேல்நாட்டு மாத்திரையும் கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆகாது. ஈரானில் குங்குமப்பூவைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஒரு மாதத்துக் குங்குமப்பூ விலையில் வீட்டுக்கே கேழ்வரகு வாங்கிவிடலாம் என்பதால் அதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. வைட்டமின் பி6 ஓரளவு உதவலாம். ஆனால் அதிகமாக, நீண்ட நாள் விழுங்கினால் கை கால் மரத்துப்போகும். அதனால் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க் குப்பிக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தலாம். வெறும் மாத்திரையைவிட அது சிறந்ததாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் யார் யாரிடம் சொல்வது? அரூர் பக்கம் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கி என்ற ஊர் இருக்கிறது. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே போய், மலையாளிப் பழங்குடி மக்கள் கட்டிக் கொடுத்த ஒரு குடிசையில் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற மருத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. ரெஜியும் லலிதாவும் வெளியூரிலிருந்து நர்சுகளை வரவழைக்கவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பதிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பேசுவது வரை அந்தப் பெண்கள் செய்தார்கள். குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது. பின்னால் அதே பள்ளத்தாக்கில் இயற்கை விவசாயிகள் சங்கமும் வந்தது, சிறுதானியம் திரும்ப விளைந்தது. ஆஸ்பத்திரியும் கேழ்வரகும் ஒரே கதையின் இரண்டு பக்கம் என்று அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். வெளியாள் மைக் பிடித்துச் சொல்வதைவிட, அதே தெருக்காரி திண்ணையில் உட்கார்ந்து 'எனக்கும் இப்படித்தான்டி' என்று சொன்னால் காதில் ஏறும். 2012இலிருந்து கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குப் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறார்கள். கொடுக்கிற கையோடு, மாதவிடாய்க்கு முந்தின வாரம் மனசும் உடம்பும் எப்படி இருக்கும் என்று இரண்டு வார்த்தை சொன்னால் என்ன? எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அப்போதே தெரிந்துவிட்டால், இருபத்தைந்து வயதில் அவளை யாரும் மந்திரிக்கக் கூட்டிப் போக மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு இந்த வாரம் எரிச்சலோடு நிற்பதில்லை. 'இருந்து என்ன பண்ணப் போறோம்' என்ற நினைப்பு மாதாமாதம் வரும், தூரமானதும் போய்விடும். 2013இல் அமெரிக்க மனநலக் கையேடு இதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. இங்கே களியும் நடையும் போதாது. நல்ல மருந்துகள் இருக்கின்றன. சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தின பதினைந்து நாள் மட்டும் சாப்பிட்டால் போதும், சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறுப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ அந்தக் காலண்டர் தாளோடு போய் நில்லுங்கள். பாதி ராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் 14416 எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் 104 எண்ணும் உண்டு. மருந்து இல்லாமல்தான் சரிசெய்வேன் என்ற வீம்புக்கு இங்கே இடமில்லை.

ஆண் வாசகர்கள் இதுவரை படித்துக்கொண்டு வந்திருந்தால் சந்தோஷம். காலண்டரில் வட்டத்துக்கு முந்தின கட்டங்கள் உங்களுக்கும் தெரியும்படிதான் தொங்குகின்றன. அந்த வாரம் 'உனக்கு டேட் வரப் போகுதா?' என்று சண்டைக்கு நடுவில் கேட்காதீர்கள். அதைவிடப் பெட்ரோல் ஊற்றுகிற கேள்வி கிடையாது. அவள் சொல்கிற புகார் நியாயமாகவே இருக்கலாம். பதிலாக ராத்திரிப் பாத்திரத்தைத் துலக்கி வையுங்கள், பிள்ளைகளைத் தூங்க வையுங்கள். களி கிண்டத் தோள் வலு வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது.

கேழ்வரகுக் குறிப்புகள் இந்த இதழில் வந்திருக்கின்றன. முளைகட்டிய மாவில் செய்யும் புட்டும், கருப்பட்டி போட்ட எள் கலந்த உருண்டையும் எனக்குப் பிடித்தவை. அடுத்த இதழில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். பெயர், ஊர் எதுவும் எழுத வேண்டாம். வயது, என்ன வேலை பார்க்கிறீர்கள், வட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் குறிகள் தொடங்குகின்றன, எப்போது நிற்கின்றன, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இவ்வளவு எழுதினால் அவருக்குப் போதும். மாத இருபதாம் தேதிக்குள் கிடைக்கும்படி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்